டவரில் தங்கும் தண்ணீர்

"கொறஞ்சி கீதுன்னா நான் இன்னாம்மா பண்றது? நானா குட்ச்சிட்டேன்?"

"குடிச்சீங்கன்னு யார் சொன்னா? நல்லாப் பாருங்க. தார்க்கோடு எங்க இருக்கு, தண்ணி எங்க இருக்கு."

"கோடு கோட்டாண்டதான் கீது. தண்ணிதான் கீய கீது."

"அதைத்தான் கேக்கறேன். ஆடியில இதே டவர்லேர்ந்து வடிஞ்ச தண்ணி, இதே டிரம்முல, கோடு வரைக்கும் வந்துச்சு. இன்னைக்கு ஏன் இவ்வளவு கம்மி?"

"ஆடி மாசத்துத் தண்ணிக்கு ஈரம் ஜாஸ்தி மாமே," என்று ஏணியில் இறங்கிக்கொண்டே முனியன் சொன்னான்.

யாரும் சிரிக்கவில்லை. முனியன் வால்வு திருப்புகிறவன். டவரின் உச்சியில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் என்பதால் கீழே எது நடந்தாலும் அவனுக்கு அது கொஞ்சம் வேடிக்கையாகவே தெரியும்.

கேள்வி கேட்டவள் பார்வதம், எங்கள் கம்பெனியின் இஞ்சினியர். அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த எழுபத்திரண்டாம் வருடத்தில் இஞ்சினியராக வேலை பார்த்த வேறொரு பெண்ணை நான் கண்டதில்லை. அவளுடைய அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து ஆவடி டாங்கி ஃபாக்டரிக்கு ஃபிட்டராக வந்தவர். குவார்ட்டர்ஸில் அவர்கள் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. காலையில் ஒரே ரயிலில் வந்து அம்பத்தூரில் இறங்கி எஸ்டேட்டுக்கு நடப்போம். நான் ஆய்வுக்கூடத்தில் சொட்டுச் சொட்டாக அமிலம் அளக்கிறவள், பெயர் லோகநாயகி. பதில் சொன்னவர் துலுக்கானம், டவர் ஆபரேட்டர். ஏரிக்கரை ஊர்க்காரர். நாற்பது வயதிருக்கும். கழனி வேலையிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். டிரம்மில் அந்தத் தார்க்கோட்டை ஆடியில் தன் விரலாலேயே இழுத்தவரும் அவர்தான்.

டவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் உலையில் உப்பையும் கந்தக அமிலத்தையும் போட்டுக் காய்ச்சினால் கண்ணாடிக் கம்பெனிகள் வாங்கும் வெள்ளைத் தூள் கிடைக்கும். கூடவே ஒரு காரப்புகை எழும். பல வருடங்கள் அந்தப் புகை சிம்னி வழியாக வெளியே போய் ஏரிக்கரையில் இறங்கியது. கொடியில் காயப்போட்ட புடவையில் பொத்தல் விழும். முருங்கை இலை பொசுங்கும். குழந்தைகள் இருமும். பார்வதம் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் புகையைத் தண்ணீரில் பிடித்து அமிலமாக விற்கலாம் என்று முதலாளி ஜம்புலிங்கத்திடம் பேசிப் பேசி இந்த டவரைக் கட்டவைத்தாள். இரண்டு மாடி உயரப் பீங்கான் குழாய். உள்ளே ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவு அகலம். அதற்குள் ஆயிரக்கணக்கில் வெள்ளைப் பீங்கான் வளையங்கள். உள்ளங்கையில் அடங்கும் குழாய்த் துண்டுகள்தான் அவை, ஆனால் வந்த அன்றே எல்லோரும் அவற்றை வளையல் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மேலிருந்து தண்ணீர் இந்த வளையல்களின் மேல் விழுந்து வழிந்து இறங்கும். கீழிருந்து விசிறி புகையை மேலே தள்ளும். இரண்டும் வழியில் சந்திக்கும். புகையின் காரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். உச்சியில் வெளியே வருவது வெறும் காற்றாக இருக்கும்.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் டவருக்குள் எப்போதும் ஒரு அளவு தண்ணீர் தங்கியிருக்கிறது. ஆவடி பிளாட்பாரத்தில் காலை நேரத்தில் ரயில் வந்து வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனாலும் எப்போதும் ஒரு கூட்டம் நிற்குமே, அந்த மாதிரி. நிற்கிற முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். கூட்டம் மாறாது. அந்தத் தங்கு தண்ணீர்தான் டவரின் உயிர் என்று பார்வதம் ரயிலில் சொல்வாள். சொல்லும்போது ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே திருமுல்லைவாயில் வயல்களைத் தவிர வேறொன்றும் இருக்காது.

தங்கு தண்ணீரை அளக்க அவளிடம் ஒரு முறை இருந்தது. உலை எரியாத நாளில் வெறும் தண்ணீரையும் வெறும் காற்றையும் ஓடவிட வேண்டும். ஓட்டம் சீரானதும் அவள் முற்றத்தில் நின்று சிவப்புத் துணியை வீசுவாள். அந்தக் கணத்தில் முனியன் மேலே தண்ணீரை மூட வேண்டும், துலுக்கானம் கீழே விசிறியை நிறுத்த வேண்டும். அதன் பிறகு டவருக்குள் இருந்த தண்ணீர் மட்டும் வடிந்து டிரம்முக்கு வரும். முதலில் கொட்டும், பிறகு ஒழுகும், கடைசியில் சொட்டும். அந்தச் சொட்டு நிற்கும்வரை அவள் டிரம்மின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள். ஆடியில் முதன்முதலாக அப்படி அளந்தபோது துலுக்கானமும் எதிரே உட்கார்ந்திருந்தார். ஓடிப்போன தண்ணீரை எல்லோரும் கணக்குப் பார்ப்பார்கள், உள்ளே நின்ற தண்ணீரைக் கணக்குப் பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அன்று மனைவியிடம் போய்ச் சொன்னாராம்.

ஆடியிலிருந்து புரட்டாசி வரை டவர் ஒழுங்காக வேலை செய்தது. ஏரிக்கரையில் மறுபடி புடவை காய்ந்தது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து உலையைப் பற்றவைத்தார்கள். மறுநாளே உச்சியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. நான் எடுத்த காற்றில் அமிலம் இருந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி இருந்தது. ஊரிலிருந்து ஆட்கள் வந்து கேட்டருகே நின்றார்கள். அவர்களில் துலுக்கானத்தின் சித்தப்பாவும் ஒருவர். அவர்கள் கொடுத்த மனு மேலே போய், திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது.

மேனேஜர் கோவிந்தராஜ் முதலிலிருந்தே டவருக்கு எதிர்ப்பு. சிம்னியை இன்னும் உயர்த்தினால் போதும், புகை நம் கண்ணில் படாத இடத்தில் போய் விழும் என்பது அவருடைய கட்சி. முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்து முடிவாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை புகை நின்றிருந்தால் டவர் நிற்கும். நிற்காவிட்டால் கழற்றிவிட்டு சிம்னி. பார்வதத்துக்கு லேபில் ஒரு ஸ்டூல் போட்டுத் தரலாம் என்றாராம். அதை அவள் என்னிடம் சொன்னபோது சிரித்தாள். "உன் பக்கத்துலதான், நல்லதுதானே," என்றாள். அன்று ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

சனிக்கிழமை உலையை அணைத்துவிட்டு அளந்து பார்த்ததில்தான் தண்ணீர் குறைந்திருந்தது.

கோவிந்தராஜ் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் வளையல்கள் அடைத்துப்போயிருக்கும் என்பது. பார்வதமும் உள்ளூர அதைத்தான் பயந்தாள் என்று நினைக்கிறேன். இப்போது டிரம்மைப் பார்த்தபடி அவள் வாய்விட்டு யோசித்தாள். அடைத்திருந்தால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் உள்ளே கூடுதலாகத் தங்கியிருக்கும். கோட்டுக்கு மேலே வந்திருக்கும். குறைந்திருக்கிறது என்றால் வழி முன்னைவிடச் சுலபமாகிவிட்டது என்று அர்த்தம். உள்ளே எதுவோ தண்ணீரைச் சீக்கிரம் அனுப்பிவிடுகிறது.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். நானும் பின்னால் ஏறினேன். துலுக்கானம் எங்களுக்கு முன்பே மேலே போய் மூடியின் நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது அந்த நேரத்துக்குப் பொருந்தாததாக எனக்குப் பட்டது. வெகு நாளாகக் காத்திருந்தவர் மாதிரி இருந்தார்.

மூடி விலகியதும் பார்வதம் எட்டிப் பார்த்தாள். உடனே நிமிர்ந்தாள். ஆடியில் வளையல்கள் கழுத்துவரை நிரம்பியிருந்தன. இப்போது உள்ளே முழக்கணக்கில் கீழே இறங்கியிருந்தன.

"வளையல் எவ்வளவோ குறைஞ்சிருக்கே. யாராவது எடுத்துட்டுப் போனாங்களா?"

துலுக்கானத்தின் முகத்திலிருந்த சந்தோஷம் அப்படியே நின்றது. "ஒண்ணு போவலம்மா," என்றார். "ஒடஞ்சத தவுர ஒண்ணு போவல. எடம் மிச்சம் புடிச்சி கீறேன். நல்லா குனிஞ்சி பாரு."

மரியாதை சட்டென்று ஒருமைக்கு இறங்கியதை அவர் கவனிக்கவில்லை. அவளும் கவனிக்கவில்லை. இரும்புத் தட்டியில் குப்புறப் படுத்து, தலையை உள்ளே விட்டாள். கீழே பக்கவாட்டு வாயைத் திறக்கச் சொல்லி அவர் முனியனுக்குக் கை காட்டினார். கீழே மூடி விலகும் சத்தம் கேட்டது.

பார்வதம் எழுந்திருக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு தலையை எடுக்காமலே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி என்னை அழைத்தாள். நானும் அவள் பக்கத்தில் படுத்து உள்ளே பார்த்தேன்.

வளையல்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றின் தலையில் இன்னொன்று, அதன் தலையில் இன்னொன்று, அடியிலிருந்து எங்கள் முகத்துக்குச் சில முழம் கீழே வரை, ஒரு மயிரிழை விலகாமல். ஒவ்வொன்றும் கழுவித் துடைத்த வெள்ளை. கீழே திறந்த வாய் வழியாக நுழைந்த வெயில் ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஏறி வந்து, எங்களுக்குக் கீழே நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன நிலாக்களாக நின்றது. நான் தலையை அசைத்தபோது சில அணைந்து சில எரிந்தன. கடலுக்கு அடியில் யாரோ கட்டி முடித்து, யாரிடமும் சொல்லாமல் விட்டுப்போன ஒரு ஊரின் மேலே மிதக்கிற மாதிரி இருந்தது. சீயக்காய் வாசனை லேசாக வந்தது.

துலுக்கானம் பேசினார். அவர் குரல் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. எந்தக் கம்பெனியிலும் ஆயுத பூஜைக்கு அவனவன் தன் மிஷினைத் துடைத்துப் பொட்டு வைப்பான். லேத்துக்காரன் லேத்தைத் துடைத்தான். டிரைவர் லாரியைக் கழுவினான். டவர்காரன் எதைத் துடைப்பது? வெளியே பீங்கான் பளபளவென்றுதான் இருக்கிறது. இருப்பதெல்லாம் உள்ளே. ஆகவே பார்வதம் ஊருக்குப் போயிருந்த விடுமுறையில், தானும் மனைவி ராஜம்மாவும் மச்சினி சாமுண்டீஸ்வரியுமாக வளையல்களை எல்லாம் வாரி வெளியே எடுத்து, சீயக்காய் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கிறார். பூஜை நாளும் அதற்கு முந்தைய நாளும் அதிலேயே போயிற்றாம். வாட்ச்மேன் கொண்டுவந்த பொரியைக் கூடக் கடைசியில்தான் தின்றார்களாம்.

"ஆடியில நீங்க அவசரத்துல கொட்டிட்டீங்க," என்றார். "எனக்கு அப்பவே மனசு கேக்கல. இத்தினி வெள்ளையா, பூ மாரி கீற சாமான். குப்பைய கொட்டறாப்ல கொட்டினா எப்டி? நீங்க வந்து பாத்தா சந்தோசப்படுவீங்கன்னு இருந்தேன். நீங்க மூடிய தொறக்கவே இல்ல."

ஆடியில் நிரப்பியது எனக்கு நினைவிருந்தது. டவர் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, கூடை கூடையாக வளையல்களை மேலிருந்து சரித்தார்கள். தண்ணீரில் விழுந்தால் உடையாது என்று பார்வதம் சொன்னாள். ஆனாலும் முதல் கூடையில் விழுந்தவற்றில் சில உடைந்தன. அந்தத் துண்டுகளைத் துலுக்கானம் பொறுக்கித் தன் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார். எதற்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை.

பார்வதம் எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் இரும்புத் தட்டியின் கட்டம் பதிந்திருந்தது. அவள் கோபப்படுவாள் என்று நான் நினைத்தேன். போன ஒரு வாரமாக அவள் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. விசிறியின் பெல்ட், தண்ணீரின் அழுத்தம், உலையின் சூடு என்று ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனைக்கும் காரணம் இதோ எங்கள் காலடியில் நிலா நிலாவாக நின்றுகொண்டிருந்தது.

"துலுக்கானம், இந்த மாதிரி ஒண்ணை நான் எங்கயும் பாத்ததில்ல," என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"புகை வர்றது இதனாலதான்."

அவர் நிமிரவில்லை. அவள் முனியனை ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். துலுக்கானத்தைக் கீழே போய்த் திறந்த வாய்க்குள் கையை நீட்டி வைக்கச் சொன்னாள். மேலிருந்து அவளே குடத்தைக் கவிழ்த்தாள். குடம் காலியாகி அவள் அதைக் கீழே வைப்பதற்குள் கீழே அவர் கை நனைந்துவிட்டது. இத்தனை சுருக்காகவா என்று அவர் கேட்டது எங்களுக்குக் கேட்டது. அது எங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வியல்ல.

கீழே இறங்கி வந்து அவள் விளக்கினாள். வாத்தியார் தோரணை இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரிதான் சொன்னாள். வளையல் கோணல்மாணலாகக் கிடந்தால் தண்ணீருக்கு நேர் வழி கிடையாது. ஒன்றின் மேல் விழுந்து, அதன் வயிற்றில் கொஞ்சம் நின்று, விளிம்பில் தயங்கி, அடுத்ததைத் தேடி இறங்கும். புகைக்கும் அதே கதி. சுற்றிச் சுற்றி ஏறும். அப்படி இரண்டும் வழி தெரியாமல் அலைகிற நேரத்தில்தான் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். நேராக அடுக்கியதும் தண்ணீர் ஒரு குழலில் இறங்கிவிட்டது, புகை இன்னொரு குழலில் ஏறிவிட்டது. இடமும் மிச்சமானதால் அவை சேர்ந்து நடக்கிற தூரமும் குறைந்துவிட்டது.

"நான் ரோடு போட்டு குட்த்துட்டேன்," என்றார் துலுக்கானம்.

"ஆமா."

"ரெண்டும் மொகத்தப் பாக்காமயே போய்க்கினு கீது."

"ஆமா."

அவர் ஏரிக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்க ஊருக்குப் போன பொகை நான் வுட்ட பொகையா?"

அதற்கு அவள் ஆமாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி கொட்ட வேண்டும், நாளை மாலைக்குள் முடிய வேண்டும், ஒன்றுகூட அடுக்கினபடி நிற்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். இன்னொரு தவறுக்கு இடமில்லை என்றாள். ராஜம்மாவையும் சாமுண்டீஸ்வரியையும் கூட்டிவர முனியன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

அவர்கள் வருவதற்குள் கோவிந்தராஜ் வந்துவிட்டார். டவரின் மூடி திறந்து கிடப்பதைப் பார்த்து, அடைப்புதானே, நான் அப்போதே சொன்னேனே என்றார். பார்வதம் அடைப்பு இல்லை, நிரப்பியதில் தவறு என்றாள். நிரப்பியது யார் என்று அவர் கேட்டார். நான்தான், நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று அவள் சொல்லத் தொடங்கும்போதே துலுக்கானம் நடுவில் வந்து நின்றார். கைகளைக் கட்டிக்கொள்ளவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அட்க்கினது நான் சார். இவங்க ஊர்ல இல்ல. இன்னா பண்றதுனாலும் என்னிய பண்ணுங்க. டவர கழட்டாதீங்க. எங்க ஊட்டாண்ட கைக்கொழந்தைங்க கீது."

கோவிந்தராஜுக்கு எதை விசாரிப்பது என்று தெரியவில்லை என்று நினைக்கிறேன். அடுக்கினதா, எதை அடுக்கினது என்றார். கேட்டுக்கொண்டே அவரே ஏணியில் ஏறினார். பருத்த மனிதர், பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினார். உச்சியில் அவர் குனிவது தெரிந்தது. பிறகு மண்டியிடுவது தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

இறங்கி வந்தவர் யாரையும் பார்க்காமல் கைக்குட்டையால் முழங்காலைத் தட்டிக்கொண்டார். "திங்கக்கிழமை காலையில உலை பத்தவைக்கணும்," என்று பார்வதத்திடம் சொன்னார். துலுக்கானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்டருகே போனவர் திரும்பி டவரின் உச்சியை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலமே மேல் வரிசைகளை எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஞாயிறு காலை நான் சீக்கிரமே வந்துவிட்டேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை.

ராஜம்மா உள்ளே இருந்து கூடை கூடையாக வளையல்களை நீட்ட, சாமுண்டீஸ்வரி வாங்கிக் கீழே இறக்கினாள். ராஜம்மா வேலை செய்தபடி பேசுகிறவள். அவள் குரல் டவருக்குள் சுற்றி, மேல் வாய் வழியாகவும் கீழ் வாய் வழியாகவும் இரண்டு தரம் வந்தது.

"கட்ன வேட்டிய ஒரு நாளு மடிச்சி வெச்சிருப்பியாய்யா நீ? ஊட்ல ஒரு சொம்ப எடுத்து அலமாரில வெச்சதில்ல. இங்க வந்து மூணு ஆளு ஒசரத்துக்கு அட்க்கிட்டாரு மைசூர் மகாராசா. நானும் புத்தியில்லாம பக்கத்துல குந்திக்கினேன்."

"நீ அட்க்கினதுதான் நேரா கீது," என்றார் துலுக்கானம்.

"பேச்ச மாத்தாத."

ஆனால் அவள் சிரித்தது இரண்டு வாய் வழியாகவும் கேட்டது. ஒவ்வொரு வரிசை கலையும்போதும் அவள் கூடையில் போடவில்லை, வைத்தாள். நான் பார்த்தேன். கொட்டப்போகிறவற்றை ஏன் அப்படி வைக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. பார்வதமும் கூடை தூக்கினாள். அவள் தூக்கக் கூடாது என்று சாமுண்டீஸ்வரி இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். முற்றத்தில் வெள்ளை மேடு ஒன்று வளர்ந்தது. வெயில் ஏற ஏற அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

இடையில் ஒரு தரம் பார்வதம் அந்த மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வளையலை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு அதன் வழியாகத் துலுக்கானத்தைப் பார்த்தாள். அவர் அப்போது கடைசிக் கூடைகளுக்காகக் கீழ் வாயின் அருகே குனிந்துகொண்டிருந்தார். அவரை இஞ்சினியரிங் படிக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவளிடம் கேட்டேன். அவள் வளையலைக் கண்ணிலிருந்து எடுக்காமல், "கோயில் கட்டியிருப்பார்," என்றாள். பிறகு, தன்னால் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரு முழ உயரத்துக்குக்கூட அப்படி அடுக்க முடியாது என்றாள். நேற்று இருட்டி எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து முயன்று பார்த்தாளாம். நாலாவதிலேயே சாய்ந்துவிட்டதாம்.

மத்தியானத்துக்குள் டவர் காலியானது. ராஜம்மா வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினாள். துலுக்கானம் உள்ளே ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழ் வாய் வழியாக நுழைந்தார்.

இனி தண்ணீர் நிரப்ப வேண்டும். நிரம்பியதும் மேலிருந்து கூடைகளைச் சரிக்க வேண்டும். சரித்து முடித்தால் பார்வதம் மறுபடி சிவப்புத் துணியை வீசுவாள், டிரம்மில் தண்ணீர் தார்க்கோட்டுக்கு வருகிறதா என்று பார்க்கலாம். கோட்டைத் தொட்டால் நாளைக்குப் பயமில்லை. முனியன் உச்சியில் வால்வின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தான். சாமுண்டீஸ்வரி முதல் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

துலுக்கானம் வெளியே வரவில்லை.

பார்வதம் போய்க் கீழ் வாயருகே மண்டியிட்டாள். நானும் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அவர் உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் நினைத்த மாதிரி டவர் முழுக்கக் காலியாகியிருக்கவில்லை. அடித் தட்டின் மேல் ஒரே ஒரு வரிசை மிச்சம் இருந்தது. அது ராஜம்மா வைத்தது. நடுவில் ஒன்று, அதைச் சுற்றி வட்டம், அதைச் சுற்றி வட்டம் என்று சுவர்வரை விரிந்திருந்தது. நடு வளையலின் உட்புறத்தில் பூஜையன்று மஞ்சள் தடவிய தடம் இத்தனை தண்ணீருக்கும் அமிலத்துக்கும் பிறகு இன்னும் லேசாகத் தெரிந்தது. அவர் அதன் மேல் உட்காராமல், ஓரத்தில் எடுத்த இடைவெளியில் தன்னை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் எதுவும் இல்லை.

"தண்ணி விடணும், வெளிய வாங்க," என்றாள் பார்வதம். அவள் கண்களும் அந்த வட்டங்களின் மேல்தான் இருந்தன.

மேலே முனியன் திறக்கலாமா என்று கத்தினான். குழாயடியில் ராஜம்மா முகத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள். துலுக்கானம் விரல் நுனியால் ஒரு வளையலின் விளிம்பைத் தொட்டார். அது அசையவில்லை.

"அம்மா," என்றார், "இந்த அடி வரிசை மட்டும் இப்டியே கெடக்கட்டுமா? இதுக்கு மேல நீங்க எப்டி வேணாலும் கொட்டிக்குங்க."